அறுபதில் ஒரு பங்கு

பொதுக்காலம் 30-ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
விடுதலைப் பயணம் 22:21-27, 1 தெசலோனிக்கர் 1:5-10, மத்தேயு 22:34-40



திருச்சட்ட அறிஞர் ஒருவர் ஆண்டவரைச் சோதிக்கும் நோக்கத்தோடு கேட்ட கேள்வியை இன்றைய நற்செய்தியில் கேட்டோம். கட்டளைகளில் தலையாயது எது? அவர் ஒன்றைக் கேட்டார், ஆண்டவர் இரண்டைச் சொன்னார். கடவுள்மேல் அன்பு முதலாவது, அடுத்திருப்பவர்மேல் அன்பு இரண்டாவது. அந்த இரண்டாவது கட்டளையை இயேசு புதிதாக உண்டாக்கவில்லை. அது லேவியர் நூல் 19-ஆம் அதிகாரத்தின் 18-ஆம் வசனம். சுற்றி நின்ற யூதர்களுக்கெல்லாம் அது மனப்பாடம்.

வீட்டுக்குப் போனதும் விவிலியத்தைத் திறந்து, அந்த வசனத்திலிருந்து ஒன்பது வசனம் மேலே போய்ப் பாருங்கள். அன்பு என்ற சொல்லே அங்கே கிடையாது. அறுவடையைப் பற்றிய பேச்சுதான் இருக்கிறது. வயலை அறுக்கும்போது ஓரம்வரை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, திராட்சைத் தோட்டத்தில் உதிர்ந்து கிடப்பதைக் கூடையில் அள்ளாதே, எளியவருக்கும் அன்னியருக்கும் அதை விட்டுவிடு என்கிறார் ஆண்டவர். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். செங்கோட்டையிலும் பண்பொழியிலும் இலஞ்சியிலும் அறுப்பு முடிந்த வயலில் குனிந்து கதிர் பொறுக்கிய ஆச்சிமார்களை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். சிலர் உங்கள் வீட்டு ஆச்சியாகவே இருந்திருப்பார்கள். ‘போதும், எழுந்து போ’ என்று அவர்களை விரட்டிய வயல்காரரை ஊர் மதித்ததில்லை.

ஓரம் என்றால் எவ்வளவு? மோசே சொல்லவில்லை. பின்னால் வந்த யூத அறிஞர்கள் விட்டார்களா? மிஷ்னா என்னும் அவர்களுடைய சட்டத் தொகுப்பில் இந்த வயலோரத்துக்கென்றே ‘பேயா’ என்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. குறைந்தது அறுபதில் ஒரு பங்கு விட வேண்டும் என்று அதில் வரையறுத்தார்கள். மேல் வரம்பு கிடையாது, மனம் போல விடலாம். நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் பங்கில் பல வீடுகள் ஐந்து சென்ட் மனையில் நிற்கின்றன. ஐந்து சென்ட் 2,178 சதுர அடி. அறுபதில் ஒரு பங்கு 36 சதுர அடி வருகிறது. ஆறடிக்கு ஆறடி. ஒரு இரட்டைக் கட்டில் போடுகிற இடம்.

இந்த ஆறடி நிலத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இன்றைய முதல் வாசகத்தில் கடவுள் அன்னியரையும் கைம்பெண்ணையும் அனாதையையும் தம் பாதுகாப்பில் வைக்கிறார். அடகு வாங்கிய மேலாடையைக் கூடப் பொழுது சாயும்முன் திருப்பிக் கொடு, இரவில் போர்த்த அவனுக்கு வேறில்லை என்கிறார். இரவுக் குளிர் வரைக்கும் யோசிக்கிற கடவுள் இவர். அடுத்த அதிகாரத்துக்குப் போனால் இந்த அக்கறை இன்னும் ஒரு படி இறங்கி வருகிறது. ஏழாம் ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போடு, அதில் தானாக விளைவதை ஏழைகள் உண்ணட்டும், அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ணட்டும் என்கிறது 23-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனம். ஏழைக்கு அடுத்த பந்தியில் காட்டு உயிருக்கும் இலை போட்டாயிற்று. நிலம் உன் பெயரில் பத்திரம் ஆகியிருக்கலாம், அதன் விளைச்சல் முழுவதும் உனக்கு எழுதப்படவில்லை என்பதுதான் இந்தச் சட்டங்களின் சாரம்.

அந்தக் காட்டு உயிர்களில் ஒன்றான வண்ணத்துப்பூச்சிக்கு இப்போது வருகிறேன். பாஸ்கா காலத்தில் வண்ணத்துப்பூச்சியைக் காட்டி உயிர்ப்பை விளக்கும் மறையுரையைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். கூட்டுக்குள் அடங்கிய புழு சிறகோடு வெளியே வரும், கல்லறை திறக்கும். நல்ல உவமைதான். ஆனால் கூட்டுக்குள் போகும்முன் அந்தப் புழு எதைத் தின்றது என்று யாரும் கேட்பதில்லை.

எருக்கு இலையைத் தின்றது.

நம் பகுதியில் வெந்தய வரியன் என்றொரு வண்ணத்துப்பூச்சி உண்டு. வெந்தயத்தின் பழுப்பு நிறம், சிறகு முனையில் கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டை. பெயர் தெரியாவிட்டாலும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எகிப்தில் லக்சோர் பக்கம் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறைச் சுவர் ஓவியம் ஒன்றில் இந்தப் பூச்சியை வரைந்திருக்கிறார்கள். அந்தப் பூச்சிதான் காசிமேஜர்புரத்துச் சாலையோரத்திலும் பறக்கிறது. அது எந்தப் பூவிலும் தேன் குடிக்கும். முட்டையிட மட்டும் எருக்கும் அதன் பங்காளிச் செடிகளும் வேண்டும். தாய்ப்பூச்சி இலையைக் காலால் தொட்டே ருசி அறிகிறது. சரியான செடிதான் என்று தெரிந்த பிறகு இலையின் அடிப்பக்கம் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போகிறது. நாம் வாசலில் குரோட்டன்ஸும் இட்லிப்பூவும் செம்பருத்தியும் வைத்திருக்கிறோம். அது வந்து தேனைக் குடித்துவிட்டுப் பிள்ளைக்கு இடம் தேடிப் போய்விடுகிறது. எங்கே போகும்? காலி மனைக்கு, குளக்கரைக்கு, ரயில் பாதை ஓரத்துக்கு. காலி மனையெல்லாம் பிளாட் ஆகிறது. பிளாட்டில் வீடு வந்ததும் முதலில் போகிறது எருக்கு, அடுத்தது வாசல் முழுக்க பேவர் பிளாக்.

ஒரு எருக்கு இலையைத் திருப்பிப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று வளையம் வளையமாக ஒரு புழு இருக்கும். முதுகில் மூன்று இணைக் கறுப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், முள்போலத் தெரிந்தாலும் குத்தாது. அது எடுத்தவுடன் தின்பதில்லை. முதலில் இலைநரம்பைக் கடித்து வெட்டுகிறது. பால் சொட்டுச் சொட்டாக வடிந்து ஓயும்வரை பொறுக்கிறது. வரத்து நின்ற பிறகு வெட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பகுதியை ஓரத்திலிருந்து தின்னத் தொடங்குகிறது. பால் அதிகமானால் வாய் ஒட்டிக்கொண்டு குட்டிப்புழு செத்தே போகும். யார் கற்றுக்கொடுத்தார்கள்?

அந்தப் பால் நஞ்சு. இதயத் துடிப்பைக் குலைக்கும் பொருள்கள் அதில் இருக்கின்றன. நம் தமிழ்நாட்டில் அதற்கு ஒரு இருண்ட வரலாறும் உண்டு. பிறந்த பெண் குழந்தையின் வாயில் கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் ஊற்றிய வீடுகள் இருந்தன. 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவர வேண்டிவந்தது அதனால்தான். செடி பழி சுமந்தது, கை நம்முடையது. அதே பாலை ஒரு புழு உணவாக வாங்கிக்கொள்கிறது. நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துச் சிறகு முளைத்த பிறகும் சுமக்கிறது. ஒரு தடவை கொத்திப் பார்த்த குருவி துப்பிவிடும், அப்புறம் அந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்கும். நாம் சாவுக்குக் கருவியாக்கியதைக் கடவுள் ஒரு சிற்றுயிருக்குக் கேடயமாகக் கொடுத்திருக்கிறார்.

எருக்கை நாம் எவ்வளவு கேவலமாக வைத்திருக்கிறோம்! ‘உன் வீட்டில் எருக்கு முளைக்க’ என்பது சாபம். குதிகால் வலித்தால் மட்டும் இலையைச் சூடாக்கி ஒத்தடம் கொடுப்போம், வலி போனால் செடியை மறந்துவிடுவோம். நம் இந்துச் சகோதரர்கள் விநாயகர் சதுர்த்திக்கு எருக்கமாலை போடுகிறார்கள். அதற்கும் வெகு காலம் முன்னே, எருக்கம்பூவையே ஒருவர் கொண்டுவந்தாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை என்ற கருத்தைக் கபிலர் புறநானூற்றில் பாரியைப் பாடும்போது சொல்லியிருக்கிறார். நம் பீடத்துக்கு ரோஜாவும் கார்னேஷனும் வாங்க எவ்வளவு செலவழிக்கிறோம் என்று பீடப்பணிக் குழுவுக்குத் தெரியும். நான் அதிகம் சொல்லவில்லை.

இன்றைய வாசகத்தின் அன்னியர் இந்தக் கதையிலும் இருக்கிறார். நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவை வெந்தய வரியனின் உறவுக்காரப் பூச்சிகள். தென்மேற்குப் பருவமழை மலையில் இறங்கும் காலத்தை ஒட்டி இவை மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே சமவெளிக்கு வருகின்றன. வடகிழக்குப் பருவம் நெருங்கும் இந்த ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி மலைப்பக்கம் திரும்புகின்றன. நமக்குச் சாரல் என்றால் குற்றாலத்தில் குளியல். அவற்றுக்கு அது வலசை. போகிற வழியில் இறங்கித் தேன் குடிக்கப் பூ வேண்டும், குடும்பம் பெருக்க இலை வேண்டும். நீல வரியனுக்குக் கொடிப்பாலை, கருநீல வரியனுக்கு நஞ்சறுப்பான். வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளியும் நன்னாரியும். வெயிலில் வந்து நன்னாரி சர்பத் குடிக்கிறோமே, அந்தக் கொடிதான். ஆண் பூச்சிகளுக்கு இன்னொரு தேவை உண்டு. காய்ந்த கிலுகிலுப்பைச் செடியிலும் தேள்கொடுக்கிலும் மொய்த்து, துணையைக் கவரும் மணத்துக்கான சரக்கை உறிஞ்சுகின்றன. காய்ந்துபோன செடி என்று நாம் பிடுங்கிப்போடுவது அவற்றுக்குக் கல்யாணச் சீர்.

மோவாபு நாட்டிலிருந்து மாமியாரோடு வந்த ரூத்து என்ற அன்னியப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கணவனை இழந்தவள், கையில் ஒன்றும் இல்லாதவள். போவாசின் வயலில் அறுவடையாளர்களுக்குப் பின்னே கதிர் பொறுக்கித்தான் மாமியாருக்கும் தனக்கும் கஞ்சி காய்ச்சினாள். அவள் பேரனின் மகன் தாவீது. மத்தேயு எழுதிய ஆண்டவரின் தலைமுறைப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. போவாசு அந்தக் காலையில் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் வழித்து அறுத்திருந்தால்?

பூச்சி எப்படிச் சாமி அடுத்திருப்பவர் ஆகும் என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. நியாயம்தான். அடுத்திருப்பவர் என்று ஆண்டவர் சொன்னது மனிதரை. குற்றாலத்து ஓட்டலில் பாத்திரம் கழுவ ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்திருக்கும் பையனுக்குக் கூலியை இழுத்தடித்துவிட்டு எருக்குக்குத் தண்ணீர் ஊற்றினால் அது பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்றைய முதல் வாசகம் முதலில் அவனுக்காகத்தான். ஆனால் நான் பார்த்தவரை, வாசலில் ஒரு செடியையும் விடாமல் வழித்தெடுக்கிற கை கூலியிலும் வழித்தெடுக்கிறது. எல்லாம் எனக்கே என்ற கணக்கு நிலத்தில் ஒன்றாகவும் ஆளிடம் இன்னொன்றாகவும் இருப்பதில்லை.

கோதுமையும் களைகளும் உவமையைப் பிடித்துக்கொண்டு ‘களையை விட்டுவிடுங்கள் என்று ஆண்டவரே சொன்னார்’ என்று பேச எனக்கு ஆசைதான். அது நேர்மையாகாது. அந்த உவமையின் களைகள் தீயோரைக் குறிக்கின்றன என்று ஆண்டவர் தெளிவாக விளக்கிவிட்டார். புளியங்குடிக்காரர்களிடம் போய் எலுமிச்சைக் கன்றைப் புழு தின்றால் தின்னட்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அது அவர்கள் பிழைப்பு. பிழைப்பு நிலத்தைக் கேட்கவில்லை, ஓரத்தைத்தான் கேட்கிறேன்.

உலகத்தின் மறுபக்கத்தில் ஓரம் இல்லாமல் போனதால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். வெந்தய வரியனின் நெருங்கிய உறவு மொனார்க் என்னும் பெரிய வண்ணத்துப்பூச்சி. கனடாவிலும் அமெரிக்காவிலும் கோடையைக் கழித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து மெக்சிகோவின் மிச்சோவாக்கான் மலைகளுக்குப் போய்க் குளிர்காலத்தைக் கழிக்கிறது. மரமே தெரியாதபடி மூடிக்கொண்டு தொங்கும். எண்ண முடியாததால் எத்தனை ஹெக்டேர் காட்டை மூடியிருக்கிறது என்று அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, 2023-24-இல் ஒரு ஹெக்டேர்கூட இல்லை. 0.9 ஹெக்டேர். அடுத்த ஆண்டு சற்றே கூடி 1.79. மலைக்காட்டை வெட்டியதும் பருவம் தவறுவதும் காரணங்கள். இன்னொரு பெரிய காரணம், எருக்கின் உறவான அந்த ஊர்ப் பாலைச் செடிகள் மக்காச்சோள, சோயா வயல்களிலிருந்தும் அவற்றின் ஓரங்களிலிருந்தும் மறைந்தது. களைக்கொல்லிக்குச் சாகாத பயிரை விதைத்து, வயல் முழுக்கக் களைக்கொல்லி அடித்தார்கள். பயிர் நின்றது, மற்றதெல்லாம் போனது. இப்போது அங்கே வீட்டுத் தோட்டத்திலும் பள்ளி வளாகத்திலும் ஆலய முற்றத்திலும் அந்தச் செடியை மக்கள் திரும்ப நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மொனார்க் பூச்சிகள் மெக்சிகோ மலைக்கு வந்து சேர்வது நவம்பர் தொடக்கத்தில், கல்லறைத் திருநாளை ஒட்டி. இறந்த முன்னோர் தங்களைப் பார்க்கத் திரும்பி வருவதாக அந்தப் பகுதி மக்கள் நெடுங்காலமாக எண்ணிவந்திருக்கிறார்கள். நம் விசுவாசம் அப்படிச் சொல்லவில்லை. இறந்தோர் கடவுளின் கையில் இருக்கிறார்கள், பூச்சியின் சிறகில் இல்லை. ஆனாலும் நவம்பர் 2 அன்று அந்தக் கல்லறைகளின்மேல் அவை பறக்கும்போது அந்த மக்கள் கைதட்டி விரட்டுவதில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் கல்லறைத் தோட்டத்துக்கு வருவோம். ஊருக்குள் எருக்கு மிச்சம் இருக்கும் இடங்களில் அது ஒன்று. வருடம் முழுவதும் யாரும் தொடுவதில்லை. கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் எல்லாரும் ஒரே மூச்சில் வெட்டி, மிச்சத்துக்கு மருந்தடித்துத் தரையை மொட்டையாக்கிவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். வலசைப் பூச்சிகள் திரும்பும் வாரமும் அதுதான். இந்த மாதம் 4-ஆம் தேதி விழாக் கொண்டாடிய அசிசி பிரான்சிஸ், துறவிகளின் தோட்டத்தில் ஒரு பகுதியை எதுவும் பயிரிடாமல் விடச் சொன்னார். காட்டுப் பூவும் பூண்டும் தாமாக முளைத்து, பார்ப்பவர் மனத்தைப் படைத்தவரிடம் உயர்த்தட்டும் என்பதற்காக. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லௌதாத்தோ சீ’ திருமடலின் 12-ஆம் பத்தியில் இதை நினைவுபடுத்துகிறார். பசியோடு இருந்த துறவிகள் அவர்கள், கீரை போட வேண்டிய இடம் அது. அங்கேயே ஓரம் விட்டார்கள்.

வீட்டில் எழும் கேள்விகள் எனக்குத் தெரியும். பாம்பு வரும் என்பார்கள். பாம்பு வருவது குப்பையும் எலியும் சேர்ந்த இடத்துக்கு. செடியின் அடியைக் கூட்டிச் சுத்தமாக வையுங்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பார்கள். அது உண்மை. கண்ணின் கருவிழியைக் கெடுக்கும். ஆகவே பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் நடாதீர்கள், மதில் மூலையில் நடுங்கள், கிளை ஒடித்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பட்டுவிட்டால் தண்ணீரால் நன்றாக அலசிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். ‘என்ன லாபம்?’ என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. எருக்கம்பூவுக்கு வரும் பெரிய கருவண்டுதான் முருங்கைப் பூவையும் காய்க்க வைக்கிறது. பாவூர்சத்திரம் சந்தைக்கு முருங்கைக்காய் ஏற்றுகிறவர்கள் இதைக் கேட்டுவைத்துக்கொள்ளலாம். ஆனால் லாபத்துக்காக மட்டும் விடுகிற ஓரம் லேவியர் சொன்ன ஓரம் ஆகாது.

நடுவதும் எளிது, இது அதற்கேற்ற மாதம். விரல் தடிமனில் ஒரு குச்சியை வெட்டி, பால் உலரும்வரை ஓரிரு நாள் நிழலில் போட்டுவிட்டு நட்டால் ஐப்பசி மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். பிறகு தண்ணீரே கேட்காது. உயரமாக வளர்ந்தால் கவாத்து செய்யலாம். வெட்டும்முன் இலையின் அடியைப் பாருங்கள், புழு இருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். எருக்கே வேண்டாம் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால் வேலியில் வேலிப்பருத்தியை ஏற்றிவிடுங்கள், வெந்தய வரியன் அதிலும் முட்டையிடும். நர்சரியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற வெளிநாட்டுப் பாலைச் செடியை விற்கிறார்கள். பூச்சி அதையும் ஏற்கும். ஆனால் காசு கொடுத்து அயல் செடியை வாங்க நமக்கு என்ன தேவை இருக்கிறது? இந்த மண்ணிலேயே சும்மா கிடைக்கிறதே. மாடியில் தொட்டி மட்டும் வைத்திருப்பவர்கள் கறிவேப்பிலையில் காணும் பச்சைப் புழுவை நசுக்காமல் விட்டாலே போதும். நாலு கொத்து இலை போகும். ரசத்துக்கு மிச்சம் இருக்கும்.

வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம். அன்பியத்துக்கு இரண்டு பேராவது அரிவாளும் மண்வெட்டியும் கொண்டு வாருங்கள். களைக்கொல்லி மருந்து இந்த ஆண்டு வாங்கவில்லை, யாரும் சொந்தமாகவும் கொண்டுவர வேண்டாம். கல்லறைகளின் மேலும் நடைபாதையிலும் இருப்பதை வெட்டுங்கள். தெற்கு மதிலை ஒட்டி ஆறடி அகலத்துக்கு ஒரு கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் எருக்கோ, வேலிப்பருத்தியோ, காய்ந்த கிலுகிலுப்பையோ எது நின்றாலும் தொடாதீர்கள். மறைக்கல்வி பிள்ளைகள் அன்று இலைகளைத் திருப்பிப் பார்த்து முட்டையையும் புழுவையும் எண்ணி எழுதுவார்கள். எருக்கங்குச்சி வேண்டுபவர்கள் வேலை முடிந்ததும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கை கழுவ வாளியில் தண்ணீரும் சோப்பும் வைத்திருப்போம்.